பஸ் ஸ்டாப் வரை நடப்பது கணக்கில் சேராதாமே!

"அரை மணி நேரம் விடாம நடந்தாத்தான் மேடம் அது வாக்கிங். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கிற பத்து நிமிஷமெல்லாம் கணக்குல வராது. மொத இருபது நிமிஷம் ஒடம்புல இருக்கிற சர்க்கரைதான் எரியுமாம். அதுக்கப்புறம்தான் கொழுப்புல கை வைக்குமாம்."

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்திலிருந்து என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வருகிறவர்களில் இதைச் சொல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இடுப்பு வலிக்கு வந்தவர் சொல்கிறார். கழுத்து வலிக்கு வந்தவர் சொல்கிறார். துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமியார் தலையை உள்ளே நீட்டி, "ஆமாங்க, டிவியில கூடச் சொன்னாங்க" என்று சாட்சிக்கு வருகிறார். எங்கே படித்தீர்கள் என்றால் வாட்ஸ்அப். யார் அனுப்பியது? ஷிப்ட் குரூப்பில் வந்ததாம். ரிஷிமூலம் நதிமூலத்தோடு இனி வதந்திமூலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏதோ அரைகுறைச் செய்தி, போகட்டும் என்று விட முடியவில்லை. இது செய்கிற கேட்டை விடியற்காலையில் மெயின் ரோட்டுக்கு வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன், தோளில் சாப்பாட்டுப் பை. டீக்கடை ஓரம் வரிசையாக பைக். வீட்டிலிருந்து அந்த இடம் பலருக்கு அரை கிலோமீட்டர், மிஞ்சினால் முக்கால். அதற்கு ஒரு பைக். பஸ் வந்ததும் ஏறி, சீட்டைச் சாய்த்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் தூக்கம். இறங்குவது கம்பெனி வாசலில். திரும்பி வந்தால் டீக்கடை ஓரத்தில் பைக் காத்திருக்கும். முப்பது வயது ஆகவில்லை, இரத்த அழுத்த மாத்திரை ஆரம்பமாகிவிடுகிறது. ஏன் தம்பி நடப்பதில்லை என்று கேட்டால், "அரை மணி நேரத்துக்கு எங்க மேடம் போறது?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. அரை மணி நேரத்தை ஒரே துண்டாகக் கொடு என்று கேட்கிற அந்த நிபந்தனைதான் பொய்.

அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1978-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி ஒரு பரிந்துரை வெளியிட்டது: வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒரு தடவைக்கு 15 முதல் 60 நிமிடம் தொடர்ச்சியான பயிற்சி. உடற்தகுதியைக் கூட்ட நினைப்பவர்களுக்காகச் சொன்னது அது. 1995-ல் அதே அமைப்பே, அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து, ஒரு நாளில் அரை மணி நேரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் போதும் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல், துண்டு ஒவ்வொன்றும் பத்து நிமிடமாவது இருக்கட்டும் என்றது. 2020-ல் அந்தப் பத்து நிமிட வரம்பையும் எடுத்துவிட்டது. இப்போதைய கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. எத்தனை துண்டாக வந்தாலும் சரி. ஆக, நம் ஷிப்ட் குரூப் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே கைவிடப்பட்ட விதியைச் சுடச்சுட ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறது. காமாட்சியம்மன் கோயில் உண்டியலில் விழும் ஒரு ரூபாய்க் காசு கணக்கில் வராது என்று அறநிலையத் துறைக்காரர்கள் சொல்வார்களா?

அடுத்து அந்த 'முதல் இருபது நிமிடம்'. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. ஆமாம், உட்கார்ந்திருக்கும்போது! இருபதாவது நிமிடத்தில் யாரோ சுவிட்ச் போட்டுக் கொழுப்பு எரிய ஆரம்பிப்பதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் எப்போதும் சேர்ந்தேதான் செலவாகின்றன. வேகத்தைப் பொறுத்து, நேரத்தைப் பொறுத்து பங்கு மாறும். நெடுநேரம் நடந்தால் கொழுப்பின் பங்கு மெல்ல ஏறும் என்பது உண்மை. அந்தக் கடுகளவு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு பெரிய புரளி. உடம்பில் தங்கும் கொழுப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதை நாள் முழுக்கச் செலவான மொத்தமும் தட்டில் விழுந்த மொத்தமும்தான் தீர்மானிக்கின்றன.

இன்னொன்று. முதலில் சர்க்கரைதான் எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதையா குறை சொல்வது? 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி இங்கே பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நடக்கும்போது சுருங்கி விரிகிற தொடைத் தசை, இன்சுலினின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதற்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. 2013-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்த முதியவர்களை, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பதினைந்து பதினைந்து நிமிடம் நடக்கவிட்டார்கள். ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்ததற்குச் சமமான பலன் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் துண்டு நடைதான் ஜெயித்தது. சின்ன ஆய்வுதான், பத்தே பேர். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் செய்திக்குப் பின்னால் ஒருவர்கூட இல்லையே!

வேலைக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்ததே பஸ்ஸில்தான். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே டிராஃபிக். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துனர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்குச் சுமார் அறுநூறு படி ஏறுகிறார். மாரடைப்பு நடத்துனர்களுக்குக் குறைவு. வந்தாலும் ஆரம்பத்திலேயே உயிரைப் பறிப்பது குறைவு. அந்த நடத்துனர் அரை மணி நேரம் விடாமலா ஏறினார்? ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து படி. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்று எதிர்க்கேள்வி வந்தது. மோரிஸ் விடவில்லை. நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர் இடுப்பு பெரிதுதான் என்று அவரே 1956-ல் எழுதினார். தன் முடிவுக்கு இடைஞ்சலான தகவலைத் தானே தேடிப்போய் வெளியிட்ட அந்த மனிதர் 99 வயது வரை இருந்தார். கடிதம் பட்டுவாடா செய்யும் தபால்காரரையும் உட்கார்ந்து வேலை பார்க்கும் எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் அதே போக்குதான்.

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு 2013-ல் வந்த இந்திய ஆய்வே இருக்கிறது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களும் ஊரில் இருக்கும் அவர்கள் உறவினர்களுமாக ஏறத்தாழ நாலாயிரம் பேர். வேலைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களிடம் உடல் பருமன் குறைவு. சைக்கிளில் போகிறவர்களிடம் இரத்த அழுத்தமும் நீரிழிவும்கூடக் குறைவு. 'வேலைக்குப் போகும் வழி' என்பதைத் தவிர அங்கே வேறு பயிற்சிக் கூடம் எதுவும் கிடையாது.

இப்போது முசரவாக்கத்துக் கணக்கு. போகும்போது பத்து நிமிடம், வரும்போது பத்து நிமிடம், வாரம் ஆறு நாள்: 120 நிமிடம். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் ஐந்து நிமிடம் ஷெட்டைச் சுற்றினால் இன்னொரு 30. மொத்தம் 150, முடிந்தது. டிராக் பேண்ட் வேண்டாம், நாலாயிரம் ரூபாய் ஷூ வேண்டாம். ஆனால் ஊர்வலம் போகிற மாதிரி நடந்தால் ஆகாது; பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் விடியற்காலை ஷிப்டுக்கு வெறும் வயிற்றில் வேகமாக நடக்க வேண்டாம், ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடங்கள். பளிச்சென்ற சட்டை நல்லது.

இதே மாதிரி உலவும் மற்ற வதந்திகளையும் சாக்குகளையும் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

'எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறேனே, அதுவே பயிற்சிதானே?' இல்லை. அசையாமல் நிற்பது காலில் நரம்பு சுருட்டலுக்குத்தான் வழி; நெஞ்சு வேகமாகத் துடிக்காத வரை இதயத்துக்கு அதில் லாபமில்லை. தறிக்காரர்களும் இதே போலத்தான் சொல்வார்கள், குழியில் கால் மிதிக்கிறதே என்று. மிதிக்கிறது, முழங்காலுக்குக் கீழே மட்டும். முதுகு நாள் முழுக்கக் கூன். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, ஒரு முனைக்கும் மறு முனைக்குமாக இழை பார்த்து நடப்பார்களே, பட்டு வேலையில் உடம்புக்கு நல்லது அந்த ஒன்றுதான்.

'பத்தாயிரம் அடி நடந்தால்தான் உண்டு.' 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனி வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது. வயதான பெண்களிடம் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் நாலாயிரத்து நானூறு அடியிலேயே பலன் தெரிய ஆரம்பித்து, ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல் பெரிதாகக் கூடவில்லை.

'வேர்த்தால்தான் கொழுப்பு கரையும்.' அப்படியானால் காஞ்சிபுரத்தில் மே மாதம் ஒரு குண்டர்கூட மிஞ்ச மாட்டார்.

'நடந்தால் முட்டி தேயும்.' இதற்குத் தனிப் பத்தியே எழுதலாம், கோபம் வரும். மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடக்காத முட்டி பட்டினி கிடக்கிறது. ஓடுகிறவர்களிடமே பார்த்தாயிற்று: ஆசைக்கு ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2. ஏற்கெனவே தேய்ந்து வீங்கியிருந்தால் வந்து காட்டுங்கள், அது வேறு.

'பொம்பளைங்க சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்.' பிரசவமும் பாரம் தூக்குவதும் தீராத மலச்சிக்கலும்தான் காரணங்களில் முக்கியம், சைக்கிள் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். வயலுக்கும் கல் குவாரிக்கும் வேலைக்குப் போனார்கள். அப்போதும் இப்படித்தான் பேசினார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் நம் வீடுகளில் இன்னும் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. டியூபை மாற்றிவிட்டு, டவுனில் கடை வேலைக்குப் போகும் பெண்ணிடம் கொடுங்கள்.

ஒரே ஒரு சாக்கை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்: "வெயில் மேடம்." பகல் ஷிப்ட் முடிந்து பிற்பகலில் இறங்குகிறவனைத் தார் ரோட்டில் நட என்று எந்த முகத்தோடு சொல்வது? சென்னை - பெங்களூரு சாலை ஓரத்தில் ஒரு காலத்தில் எண் எழுதிய புளியமரங்கள் நின்றன. வருடா வருடம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். அந்த நிழலில்தான் நம் தாத்தாக்கள் ஜவுளி மூட்டையோடு நடந்தார்கள். நாலு வழியாக்கினார்கள், மரம் போயிற்று. ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்றார்கள். நட்டார்கள், சாலை நடுவில் அரளி! நடுரோட்டில் இடுப்புயரச் செடியின் நிழலில் நடக்கப் போவது யார்? டோல் கட்டுகிற காருக்கு எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க அது உதவும். நடக்கிறவன் டோல் கட்டுவதில்லை, ஆகையால் அவனுக்கு நிழல் இல்லை.

நெடுஞ்சாலையை நாம் திருப்ப முடியாது. ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்குமான அந்த முக்கால் கிலோமீட்டர் நம் கையில்தான் இருக்கிறது. புங்கன் நடலாம், வேம்பு நடலாம், நாலு வருடத்தில் நிழல் தரும். வருடத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்றைக்கு கம்பெனி லீவு போட்டாவது போய் உட்காருங்கள். பஸ் நிற்கும் இடம் வரை இரண்டு பக்கமும் மரம், எரிகிற தெருவிளக்கு, சைக்கிள் விட ஒரு கொட்டகை. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மரத்தின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கேயும் அரளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.