கூரையின் வெப்பமும் குடும்பத்தின் செலவும்

சித்திரை, வைகாசித் திங்களில் மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் பிற்பகலில் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு திறந்தே கிடக்கும். வீட்டுக்குரியோரோ எதிரிலுள்ள வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருப்பர். இரவிலும் பலர் வாசலிலேயே பாயை விரிக்கின்றனர். இத்தனை வீடுகள் கட்டி முடிந்தன என்று கணக்கெழுதும் நம்மைப் போன்றோர், அவ்வீடுகளுக்குள் மக்கள் உறங்க முடிகிறதா என்று கேட்கத் தவறிவிட்டோம். இதை ஒப்புக்கொண்டு, அக்குறையைப் போக்கும் வழிகளை இங்கு ஆராய்வோம்.

குடிசையும் கான்கிரீட் தளமும்

தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் வேய்ந்த கூரை கோடையில் குளிர்ச்சி தருவது உண்மையே. அதன் அடுக்குகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்று, வெயிலின் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆனால் தீக்கும் புயலுக்கும் அது தாங்குவதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலின்போது இம்மாவட்டத்துக் குடிசைகள் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. ஆதலால் உறுதியான கூரை இன்றியமையாதது. 2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும், 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் அமைய வேண்டுமென்று விதிக்கப்பட்டது.

உறுதியான அத்தளத்துக்கு ஓர் இயல்பு உண்டு. பகலெல்லாம் வெயிலை உண்டு, அவ்வெப்பத்தைத் தனக்குள் சேமித்து, பொழுது சாய்ந்தபின் கீழே உள்ளோர்மீது மெல்ல மெல்ல உமிழும். வெளியே காற்று குளிர்ந்த பின்னரும் வீட்டுக்குள் புழுங்குவது இதனாலேயே. இதைச் சோதித்தறிய விரும்புவோர், கோடையில் இரவு 9 மணிக்கு ஒரு முக்காலிமீது ஏறித் தளத்தின் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அப்போதும் அது சுடும்.

விசிறி உண்ணும் மின்சாரம்

புழுக்கம் மிகுந்தால் மின்விசிறி ஓயாது சுழல்கிறது. 75 வாட் விசிறி இரண்டு, நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட் செலவாகும். 60 நாளில் அது 144 யூனிட். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு மே மாதம், வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கப்பட்டது. அந்த அளவை விசிறிகள் மட்டுமே கடந்துவிடுவதைக் காண்க. விளக்கு, தொலைக்காட்சி, மிக்சி, குளிர்சாதனப் பெட்டி யாவும் அதற்கு மேல். பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்வதால், கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது பெருஞ்சுமையாகிறது.

இதில் ஊருக்கும் நாட்டுக்கும் பங்கு உண்டு. நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகி வருகிறது. பழுப்பு நிலக்கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க, ஏறத்தாழ ஒரு கிலோ கரி எரிய வேண்டும். வீட்டில் 80 யூனிட் மிச்சப்படுத்துவோர், 80 கிலோ கரியை நிலத்தடியிலேயே விட்டுவைத்தவர் ஆவர்.

முதலில் கூரை

நோய் கூரையில் இருப்பதால் மருந்தும் கூரையில் தொடங்க வேண்டும். சாம்பல் நிறமேறிய பழைய கான்கிரீட் தளம், தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது; மற்றதை உட்கொள்கிறது. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய வெண்மையான தளமோ முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். இதனால் வீட்டினுள் வெப்பம் 2 முதல் 5 பாகை வரை குறையக்கூடும். அகமதாபாத் நகரில் 2017 முதல் எளிய மக்களின் கூரைகளுக்கு இவ்வாறு வெள்ளையடிக்கும் பணி நடைபெற்றது. தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

செய்முறை எளிது. தளத்தைப் பெருக்கிப் பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். வெடிப்புகளைச் சிமிட்டியால் அடைத்து உலரவிட வேண்டும். நீர்த்த சுண்ணாம்புடன் சிறிது வெள்ளைச் சிமிட்டியும் ஒட்டுப்பசையும் கலந்து, தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்தபின் மட்டையால் பூச வேண்டும். முதற்பூச்சு உலர்ந்ததும் குறுக்காக இரண்டாம் பூச்சு இட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமலும் கையில் படாமலும் காத்துக்கொள்க. மழைநீர் சேமிக்கும் வீட்டார், பூசியபின் பெய்யும் முதல் மழைநீரைத் தொட்டிக்குள் விடலாகாது. புழுதி படிந்தால் வெண்மை மங்குமாதலால், ஆண்டுதோறும் மாசித் திங்களில் மீண்டும் பூசுவது நலம்.

புதிதாகக் கட்டுவோர் நம் முன்னோர் வழியையும் கைக்கொள்ளலாம். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த காரை இட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தால் வெப்பமும் தடைப்படும். மழைநீர் ஒழுக்கும் நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வைப்பதும், கூரையை ஒட்டிக் காற்றுத்துளை விடுவதும் கட்டும்போது சிறு செலவு. கட்டிய பின்னரோ பெருஞ்செலவு. மேற்குச் சுவரருகே புங்க மரமோ, அவரை, பீர்க்கு படர்ந்த பந்தலோ இருப்பின் மாலை வெயில் சுவரைச் சுடாது.

அடுத்து விசிறி, பின்னர் சூரியத் தகடு

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் மேனியின் வியர்வையை உலர்த்தி நம்மையே குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அதைச் சுழலவிடுவது வீண். பழைய விசிறி பழுதுபடும்போது, 30 வாட் அளவில் இயங்கும் புதுவகை விசிறியை வாங்கலாம். மேற்சொன்ன 144 யூனிட் அப்போது சுமார் 58 யூனிட்டாகும். 2023 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாதலால், அக்குறியைப் பார்த்து வாங்குக. 60 வாட் குண்டு பல்பு எங்கேனும் எஞ்சியிருப்பின், 9 வாட் எல்இடி விளக்காக மாற்றுக.

செலவைக் குறைத்த பின்னரே கூரையில் சூரிய மின்தகடு பற்றி எண்ண வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். தேவை குறைந்த வீட்டுக்குச் சிறிய தகடே போதும், கடனும் குறையும்.

ஊராட்சி செய்ய வேண்டியது

சொல்லக் கேட்பதைவிடக் கண்டு தெளிவதையே உழவர் நம்புவர். ஒரே அளவான, அருகருகே உள்ள இரு வீடுகளைத் தேர்ந்து ஒன்றின் கூரைக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, இரண்டிலும் ஒரு வெப்பமானி தொங்கவிடுக. ஒரு வாரம் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கண்ட அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுக. அதற்கு மேல் பிரசாரம் வேண்டியதில்லை. சனவரி 26ஆம் நாள் கிராம சபையில் இது பற்றிப் பேசி முடிவெடுத்தால், மாசியில் பூசிப் பங்குனி வெயிலுக்கு முன் வேலையை முடிக்கலாம். முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீடுகள் முதலில் வரட்டும்.

வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டுமன்று. உழைத்துக் களைத்தோர் உறங்கும் இடமுமாகும். வேப்பமரத்தடிக் கட்டில் வீட்டுக்குள் திரும்பும் நாளே, நாம் எழுதிய கணக்கு நிறைவுபெறும் நாள்.