பருவத் தேர்வு நெருங்குகிறது: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் பருவத் தேர்வு நெருங்கிவிட்டது. மூன்றாண்டு படித்து முடித்தும், ஒரே ஒரு தாள் அரியரால் பட்டம் கைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர் சான்றிதழைத்தான் கேட்கிறார்.

முதலில் வினாத்தாளைப் புரிந்துகொள்ள வேண்டும். கலைக் கல்லூரிகள் பலவற்றில் அக மதிப்பெண் 25, தேர்வுக்கு 75. அந்த 75இல் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5, பத்து மதிப்பெண் வினாக்கள் 3 என்ற அமைப்பு பரவலாக உள்ளது. பாடம் ஐந்து அலகுகள். ஐந்து மதிப்பெண் பகுதியில் 'அல்லது' என்று வரும் இரண்டு வினாக்களும் ஒரே அலகிலிருந்து வருபவை. ஆகவே ஓர் அலகை அடியோடு விட்டால் 4+5, அதாவது 9 மதிப்பெண் போய்விடும். பத்து மதிப்பெண் பகுதியிலோ ஐந்தில் மூன்று எழுதினால் போதும். நாள் குறைவாக இருப்பவர்கள் ஐந்து அலகையும் சிறு வினா அளவுக்குப் பார்த்துவிட்டு, மூன்றை மட்டும் ஆழமாகப் படிக்கலாம். உங்கள் கல்லூரியின் அமைப்பு வேறாக இருக்கலாம். பழைய வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அடுத்தது படிக்கும் முறை. கோடு போட்டுக்கோடு போட்டு நான்கு முறை வாசித்தால் தெரிந்தது போல இருக்கும், தேர்வு அறையில் வராது. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

நம் ஹிஃப்ழு மதரஸாக்களுக்கு இது புதிதல்ல. அன்றைய சபக்கை முஸ்ஹஃபைப் பார்க்காமல் உஸ்தாதிடம் ஓத வேண்டும். பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்புவிக்க வேண்டும். அதே வழக்கத்தைப் பொருளாதாரத்துக்கும் வேதியியலுக்கும் கொண்டுவர என்ன தடை? ஒரு வினாவைப் படித்ததும் புத்தகத்தை மூடி வெள்ளைத்தாளில் எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் திரும்பப் பாருங்கள். மூன்றாம் நாள் மறுபடியும் எழுதுங்கள். விடிய விடிய விழிப்பதைவிட இஷாவுக்குப் பின் தூங்கி ஃபஜ்ருக்குப் பின் உட்காருவது மேல் என்பது எங்கள் கருத்து.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தேர்வு மாதத்தில் நிக்காஹ் தேதி வைக்கும்போது கல்லூரி அட்டவணையையும் பாருங்கள். ஆண் பிள்ளை படிக்கிறான் என்று தொலைக்காட்சியை அணைக்கிறோம். பெண் பிள்ளையை மட்டும் புத்தகத்தோடு அடுப்படிக்குக் கூப்பிடுகிறோம். அவளுக்கும் அதே வினாத்தாள்தான்.

தேர்வுக் கட்டணம் கட்ட இயலாதவர்கள் கடைசித் தேதி வரை காத்திராமல் மஃரிபுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். யார் பெயரையும் வெளியிட மாட்டோம். பழைய வினாத்தாள்கள் வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் அவற்றை நம்மிடம் ஒப்படைத்தால் நகல் எடுத்துத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.