சுண்ணாம்புப் பாறையும் அடிவார வீடுகளும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு மலைச்சரிவு என்றாலே செம்மண் சரிவுதான் நினைவுக்கு வரும். பால்மரம் நட்ட குன்றுகளில் படிப்படியாக மேடை வெட்டுவார்கள். மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டு, மழைநீர் வடியக் கான் தோண்டி மண்ணைக் காப்பார்கள். சுண்ணாம்புப் பாறைக்கு இந்த வைத்தியம் செல்லாது என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் கற்றேன்.

மண் வழுக்கும், சுண்ணாம்புப் பாறையோ கரையும். மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளை மெல்ல மெல்ல அகலப்படுத்துகிறது. அடிவாரத்தில் தேங்கும் நீரும் பாறையின் காலை அரிக்கிறது. கால் உள்வாங்கியபின் மேற்பகுதி தாழ்வாரக் கூரைபோல் அந்தரத்தில் நிற்கும். மண்சரிவுக்கு முன் மரம் சாயும், தரை பிளக்கும். பாறை பெரும்பாலும் அத்தகைய எச்சரிக்கையைத் தருவதில்லை.

1973 அக்டோபர் 18ஆம் நாள் ஈப்போ குனோங் சீரோவில் நடந்தது இதுதான். பெரும் பாறைப் பாளம் ஒன்று பெயர்ந்து அடிவாரத்து வரிசை வீடுகளின்மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். மலையடியில் ஏன் குடியிருந்தார்கள் என்று கேட்பது எளிது. வசதி உள்ளவர்கள் அத்தகைய நிலத்தை நாடுவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கும் சுண்ணாம்புப் பாறையால் ஆனதே. அங்கே கயிற்றில் தொங்கும் பணியாளர்கள் தளர்ந்த கற்களை நெம்பித் தள்ளுகிறார்கள். வேர்கள் வெடிப்பில் இறங்கிப் பாறையைப் பிளக்காதிருக்க, செடிகளை மேய்வதற்கு ஆடுகளும் உள்ளன! நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கு இது புதுத் தொழிலாக இருக்கும். பிற இடங்களில் துளையிட்டு எஃகுக் கம்பி செலுத்திச் சிமெண்டுக் குழம்பால் இறுக்குவதும், கம்பி வலை போர்த்துவதும் உண்டு.

இவையெல்லாம் சிறு கற்களுக்கும் நடுத்தரப் பாறைகளுக்கும் உதவும். குனோங் சீரோவில் விழுந்தது போன்ற பாளத்தை வலை தாங்காது. அங்கே வீட்டைத் தள்ளிக் கட்டுவதே காப்பு. குன்று உயர உயர இடைவெளியும் கூட வேண்டும்.

ஈப்போ வட்டாரக் குன்றுகளின் அடியில் இன்றும் கோயில்கள் உள்ளன. குகையோடு ஒன்றிய கோயிலை நகர்த்த முடியாது. ஆகவே கண்காணிப்பு தேவை. அங்குச் செல்லும் மாணவர்கள் பாறையின் நிறத்தைப் பாருங்கள். வெகுகாலம் வெயில், மழை பட்ட முகம் கருஞ்சாம்பலாக இருக்கும். வெண்மையாகவோ செம்மை படிந்தோ ஒரு திட்டு தெரிந்தால், அங்கிருந்து அண்மையில் கல் பெயர்ந்திருக்கலாம். அதன் நேர்கீழே நிற்காதீர்கள், நிர்வாகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.