கேசட்டில் இருக்கும் பாட்டு டீச்சர்



"எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. நம் லேபில் கற்ற பாடமும், நான் செய்த ஒரு தவறும் இந்தக் கட்டுரையில் சேர்ந்தே வருகின்றன.

மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். என் அம்மாவுக்கும் அவர்தான் டீச்சர், எனக்கும் அவர்தான். கல்யாணமாகி வெளியூர் போகும் மாணவிகளுக்காக, சரளி வரிசை தொடங்கிக் கீர்த்தனை வரை ஒவ்வொரு பாடத்தையும் 1996 முதல் 2001 வரை தாமே பாடிக் கேசட்டில் பதிந்து வைத்தார். நான் எட்டாவது படிக்கும்போது டீச்சர் காலமானார். 42 கேசட்டுகள் பீரோவில் கிடந்தன. போன வருடம் அவருடைய மகள், எங்களுக்கெல்லாம் அக்கா, என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? இதைக் காப்பாத்திக் குடுப்பியா?" என்று கேட்டார்.

காப்பாற்றுவது எப்படி?

கேசட் நாடாவின் அகலம் சுமார் 3.8 மி.மீ. அது ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய நுண்ணிய காந்தத் துகள்களில்தான் குரல் பதிந்திருக்கிறது. ஈரம் பட்டால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை முதலில் உடைத்துவிட வேண்டும். பிறகு கை தவறினாலும் அதன்மேல் வேறொன்று பதியாது.

2. பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டக் கூடாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும்.

3. ஹெட்டின் சாய்வு சரியில்லை என்றால் குரல் மங்கிக் கேட்கும். பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

4. வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். மோட்டார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும்.

5. கணினியில் பதியும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைப்பது நல்லது. ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜி.பி. இடம் பிடிக்கும். இதுதான் மூலப் பிரதி. இதில் வெட்டவோ ஒட்டவோ கூடாது.

நான் செய்த தவறு

நான்காவது விதியை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர் வேகமாக ஓடியதைக் கவனிக்காமல் பத்து பாடங்களைப் பதிந்துவிட்டேன். அது போதாதென்று, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவற்றை ஒரு நண்பனுக்குப் பென்டிரைவில் கொடுத்தேன். "நீ மட்டும் கேளுடா" என்றேன். அவனும் இன்னொருவரிடம் அதையேதான் சொல்லியிருப்பான்!

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் தோழி ஒருவர், பக்கத்து ஊரில் 300 ரூபாய்க்கு வாங்கியதாக ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் டீச்சர் குரல்! தம் பெயரைச் சொல்லும் இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. "அஞ்சு கட்டை சுருதி வச்சுக்கோங்க" என்று டீச்சர் சொல்கிறார். தம்புராவோ ஐந்தரையில் ஒலிக்கிறது. என் கையிலிருந்து போன பிரதிதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அம்மா பேரைக்கூட எடுத்துட்டாங்களேப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, வெளியான ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 'நிகழ்த்துபவர்' என்ற சொல்லில் பாடகர், வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் எல்லோரையும் சட்டம் சேர்த்திருக்கிறது. நிகழ்த்துபவரின் உரிமை, நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 1998-ல் டீச்சர் பாடிய பாடத்துக்கு அது 2048 முடிய இருக்கிறது. நிகழ்த்துபவர் தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும் 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. சொந்தப் படிப்புக்கு நியாயமாகப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. விற்பது வேறு.

பூட்டி வைக்கலாமா?

"எல்லாத்தையும் பீரோவில வச்சுப் பூட்டிடறேன்" என்றார் அக்கா. பூட்டினால் திருடன் எடுக்க மாட்டான், பூஞ்சை எடுத்துக்கொள்ளும். இதைத்தான் பயந்துகொண்டே சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்கா சொன்னது: "அம்மா யாருக்கும் பாட்டு இல்லைன்னு சொன்னதில்லை. ஆனா வந்து கேட்டவங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அதையே விதியாக்கிக்கொண்டோம். 42 கேசட்டையும் சரியான வேகத்தில் மறுபடி பதிந்தேன். மூலப் பிரதி மூன்று ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. அதில் ஒன்று வெளியூரில். கேட்பதற்கான சிறிய பிரதி ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் டீச்சர் பெயரும் பதிந்த வருடமும் அக்காவின் குரலில் வரும். கற்க விரும்புபவர் அக்காவிடம் கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, இலவசமாகப் பெறலாம், விற்கக் கூடாது.

இதனால் திருட்டு ஒழிந்துவிடுமா? ஒழியாது. ஆனால் பெயரோடும் சரியான சுருதியோடும் இலவசமாகக் கிடைக்கும்போது, பெயரில்லாத ஐந்தரைக் கட்டையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அம்மாவின் தோழியே முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு குரல் கிடக்கலாம். தாத்தாவின் வில்லுப்பாட்டாக இருக்கலாம், பாட்டியின் தாலாட்டாக இருக்கலாம். இந்த லீவிலேயே எடுத்துப் பாருங்கள். டேப் ரெக்கார்டரைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் போதும். பிரதி கொடுப்பதற்கு முன் மட்டும், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.



– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு