பிலிம் ஒட்டிய காரும் செம்மண்ணும்

கேள்வி: காருக்குப் பெயிண்ட் பாதுகாப்பு பிலிம் ஒட்டிவிட்டேன். தினமும் செம்பனைத் தோட்டச் செம்மண் சாலையில்தான் ஓட்டம். இனி அடிக்கடி கழுவ வேண்டாம்தானே? – வாசகர், பாடாங் செராய்

பதில்: கழுவத்தான் வேண்டும். ஒட்டியிருப்பது ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் யூரித்தேன் தோல். கல் தெறித்தால் அடியைத் தாங்கும், கறையை விரட்டாது. பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் பிலிமிலும் தழும்பு விழும். "கீறல் தானாக மறையும் என்றார்களே" என்பீர்கள். வெயிலிலோ வெந்நீரிலோ மறைவது மேற்பூச்சின் மெல்லிய கீறல் மட்டுமே. மண்ணோடு சேர்த்துத் துணியால் தேய்த்த ஆழமான கோடு அப்படியே நிற்கும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரால் செம்மண்ணை இறக்குங்கள்; பிறகுதான் கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. சுங்கைப்பட்டாணியில் கார் கழுவக் கொடுத்தால், பிரஷர் குழாயைப் பிலிம் விளிம்பில் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள், ஓரம் கிளம்பிவிடும். தாரைத் தின்னரால் துடைக்கும் கடையா? அங்கே காரை விடவே வேண்டாம்.