முன்பாரமா? பின்பாரமா?

கரும்பு வெட்டும் காலத்தில் நம்ம ஆசிரமம் வழியா செங்கம் ரோட்டில் டிராக்டர்கள் போகும். மேடு ஏறும்போது சில டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். ஏன் தெரியுமா?

மாட்டுவண்டியைப் பாருங்கள். அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். இது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். இது பின்பாரம். அதனால் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவாங்க. மேட்டில் வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

இது நாம் படித்த நெம்புகோல் தத்துவம்தான்.

கணக்கு:
இரண்டு சக்கர டிரைலரில் பாரம் 1000 கிலோ. அச்சிலிருந்து கொக்கி 3 மீட்டர் தூரம். பாரத்தின் நடு மையம் அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால் இருந்தால்,
கொக்கி மேல் விழும் எடை = 1000 × 0.3 ÷ 3 = 100 கிலோ.
மையம் 1 மீட்டர் முன்னால் போனால் சுமார் 333 கிலோ!

கொக்கி டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே அமுக்கினால் ஏற்றப்பலகை மாதிரி முன்பக்கம் தூக்கும். முன்சக்கரம் தரையில் படாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. நாலு சக்கர டிரைலரில் பாரத்தை அதன் சக்கரங்களே தாங்குவதால் இந்தத் தொல்லை குறைவு.

வெளிநாட்டில்:
அமெரிக்காவில் வீடு மாதிரி டிரைலரைக் காரில் கட்டி இழுப்பாங்க. அதற்குப் பாரம் பகிரும் கொக்கி உண்டு. அதில் உள்ள இரண்டு வில் கம்பிகள் பாரத்தில் ஒரு பங்கைக் காரின் முன்சக்கரத்துக்கும் டிரைலர் சக்கரத்துக்கும் தள்ளும். வாங்குவதற்கு முன் சாமானெல்லாம் ஏற்றி எடை போடணும். டிரைலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்கணும். அந்த எடைக்கு ஏற்ற கம்பியை எடுக்கணும். 10க்குக் குறைந்தால் டிரைலர் ஓடும்போது வாலாட்டும். அதற்கு முதலில் பாரத்தை மாற்றி அடுக்கணும். கொக்கி அதற்குப் பிறகுதான்.

மயிலிறகு ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர் (குறள் 475). அளவோடு ஏற்றினாலும் இடம் பார்த்து ஏற்றணும் என்கிறது அறிவியல்.

நினைவில் வைப்போம்:
1. வீட்டில் டிரைலர் ஓட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வோம்.
2. கரும்பு உருவுவதற்காக டிரைலர் பின்னால் ஓட வேண்டாம்.
3. சைக்கிளில் அதன் ஓரமாகப் போக வேண்டாம். முன்சக்கரம் தூக்கிய டிராக்டரை ஓட்டுநர் நினைத்தாலும் நமக்காகத் திருப்ப முடியாது!