கழிக்கத் தெரிந்த கை

சொந்தமாகச் சதுரங்க என்ஜின் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, பல வருடம் இதில் கண் எரிந்தவன் சொல்வது:

1. உடனே தேடல் மரத்தின் கிளைகளைக் கழிக்க இறங்காதீர்கள். முதலில் நகர்வுகளை எண்ணிச் சரிபாருங்கள். தொடக்க நிலையிலிருந்து ஒன்று முதல் ஐந்து அரைநகர்வு (ஒருவர் ஒருமுறை நகர்த்துவது) ஆழம் வரை முறையே 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வரவேண்டும். ஆன் பாசான் வெட்டு ஐந்தாம் ஆழத்தில்தான் முதலில் தலைகாட்டும். அதுவரை எண்ணாமல் விட்டால், பிற்பாடு கழிப்பில் பிழையா, அடிப்படையிலேயே பிழையா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

2. ஒரு நகர்வை அடியோடு தள்ளுவது வேறு, ஆழம் குறைத்துப் பார்ப்பது வேறு. 1950களின் கடைசியில் பெர்ன்ஸ்டைன் குழு ஐபிஎம் 704 கணினியில் எழுதிய நிரல், ஒவ்வொரு நிலையிலும் 7 நகர்வுகளை மட்டும் எடுத்து நான்கு அரைநகர்வு பார்த்தது. நல்ல நகர்வு எட்டாவதாக நின்றால் அது கண்ணிலேயே படாது. சதுரங்க நிரல் எழுதிய ஸ்லேட்டும் அட்கினும் 1973இல் இந்த வழியைக் கைவிட்டு, எல்லா நகர்வையும் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். அந்தப் பாடத்தை மறக்காதீர்கள்.

3. நகர்வுகளைப் பார்க்கும் வரிசைதான் முதல். முந்தைய தேடலில் சிறந்ததாக வந்த நகர்வு, பிறகு பெரிய காயைச் சின்னக் காய் வெட்டுவது, பிறகு கில்லர் நகர்வு (அதே ஆழத்தில் வேறொரு கிளையைக் கழிக்க உதவிய நகர்வு). இது ஒழுங்கானபின் கடைசியில் நிற்பவற்றை ஓர் ஆழம் குறைத்துத் தேடுங்கள். எதிர்பாராமல் மதிப்பு ஆல்பாவை (இதுவரை நமக்கு உறுதியான மதிப்பை) தாண்டினால் முழு ஆழத்தில் திரும்பப் பாருங்கள். வெட்டு, செக், சிப்பாய் ராணியாவது ஆகியவற்றில் ஆரம்பத்தில் கை வைக்காதீர்கள்.

4. நல் மூவ் (null move) என்பது நம் முறையை எதிராளிக்கு இனாமாகக் கொடுத்துப் பார்ப்பது. அப்படியும் மதிப்பு பீட்டாவுக்கு (எதிராளி விட்டுத்தரும் உச்ச மதிப்புக்கு) குறையவில்லையென்றால் அந்தக் கிளையை விட்டுவிடலாம். செக்கில் இருக்கும்போது கூடாது. அடுத்தடுத்து இரண்டு முறை கூடாது. ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்திலும் கூடாது. அங்கே நகர்த்த வேண்டியிருப்பதே ஆபத்து. சும்மா இருக்க முடிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அடிக்கடி வரும்.

5. ஆழம் கூடியதைக் கண்டு மயங்காதீர்கள். ஒருமுறை என் என்ஜின் ஒரே இரவில் மூன்று ஆழம் கூடுதலாகப் போனது. இனிப்பு வாங்கிப் பங்கிட்டேன். மறுநாள் ஆட்டத்துக்கு ஆட்டம் ராணியைப் பறிகொடுத்தது.

6. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பழைய நிரலோடு மோதவிட்டு 100 ஆட்டத்தில் 55-45 வந்தால் துள்ளாதீர்கள். காசு சுண்டினாலும் அப்படி வரும். ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை எழுதுபவர்கள் சின்ன மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கில் ஆடவிட்டுத்தான் ஏற்கிறார்கள்.

7. தோற்ற யோசனையை அழிக்காதீர்கள். தேதியும் அன்றைய கணக்கும் குறித்து வையுங்கள். நான் தூக்கிப்போட்ட ஒரு கழிப்பு, நகர்வு வரிசையைத் திருத்தியபின் ஓர் எழுத்துகூட மாறாமல் ஜெயித்தது.